இரண்டு வாசல், ஒரு கூடம், அரைக் கிணறு

1946ஆம் வருஷம் ஜூன் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிஷம். கச்சான் காற்று விடியற்காலையிலிருந்து ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் மேகம் ஒன்றுகூட இல்லை. தெருப் புழுதிதான் மேகம் மாதிரி எழும்பி எழும்பி அடங்கியது. தூத்துக்குடியிலிருந்து காயல்பட்டினம் வருகிற, கரிப்புகையில் ஓடும் பஸ்ஸை விட்டு மாமா இறங்கினார். நாலு மணிக்கு வரவேண்டிய வண்டி பத்து நிமிஷம் தாமதம் என்று அவரே பைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டதால், நேரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை.

மாமா என்றால் உம்மாவின் தம்பி. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம். உப்பு மூட்டைக்கும் பஞ்சு மூட்டைக்கும் ஒரே கூரையின் கீழ் கிட்டங்கி கட்ட வேண்டும், உப்பின் ஈரம் பஞ்சுக்குப் போகக்கூடாது என்று ஆபீசே தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, மாமா ஒருவர்தான் வழி கண்டார் என்று எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. கதையைச் சொன்னவரும் மாமாதான். அந்தப் பெருமையை நம்பித்தான் வாப்பா கொழும்பிலிருந்து வந்த கையோடு அவருக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

சங்கதி இதுதான். எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு மகளுக்கு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மகனுக்கு வீடு கிடையாது. அவனுக்கு உரிய வீட்டை வேறு யாரோ ஒரு மாமனார் எங்கேயோ கட்டிக்கொண்டிருப்பார் என்று நம்பிக்கை. எனக்கு இரண்டு ராத்தாமார், அதாவது அக்காமார். பெரிய ராத்தாவுக்கு வயது பதினெட்டு, சின்ன ராத்தாவுக்குப் பதினாறு, எனக்கு ஒன்பது. இருவருக்கும் மாப்பிள்ளை பேசி முடித்து, நோன்புப் பெருநாள் கழித்து ஒரே நாளில் நிக்காஹ் என்று வாக்கும் கொடுத்தாகிவிட்டது. இரண்டு சம்பந்தி வீட்டாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: தனி வாசல், தனி அடுப்பு. எங்களிடம் இருந்ததோ ஒரு வீடு. இன்னொரு மனை வாங்க வாப்பாவிடம் வசதி இல்லை. உலகச் சண்டை முடிந்தும் அவர்களுடைய கொழும்புக் கடை நிமிரவில்லை. வீட்டை இரண்டாக ஆக்க முடியாவிட்டால் ஒரு கல்யாணம் நிற்கும். எது நிற்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சின்னவளுடையது என்று எல்லாருக்கும் தெரியும்.

வீட்டை நான் காலால் எட்டு வைத்து அளந்து வைத்திருந்தேன். மாமா நாடா போட்டு அளந்ததும் என் கணக்கோடு ஒத்து வந்தது: அகலம் இருபத்துநாலு அடி, நீளம் எண்பது. கிழக்கே தெரு, அது ஆண்கள் வரும் வாசல். மேற்கே முடுக்கு, அது பெண்கள் நடமாடுகிற சந்து. எங்கள் ஊர்ப் பெண்கள் தெருவில் காலே வைக்காமல், முடுக்கு வழியாகவே பத்து வீடு போய்வருவார்கள். ஆகவே ஒரு வீடென்றால் முன்னால் தெருவும் வேண்டும், பின்னால் முடுக்கும் வேண்டும். எங்கள் வீட்டை நீளவாக்கில் வெட்டினால் ஆளுக்குப் பன்னிரண்டு அடி. சுவர் கனம் போக மிஞ்சுவது கப்பல் நடைபாதை. குறுக்கே வெட்டினால் முன்வீட்டுக்காரிக்கு முடுக்கு இல்லை, பின்வீட்டு மாப்பிள்ளைக்குத் தெரு இல்லை. மாடி எடுக்கலாம் என்றால் சிமெண்டுக்கும் இரும்புக்கும் சர்க்கார் கட்டுப்பாடு.

மாமா நடுக்கூடத்துப் பாயில் தாளை விரித்து, நாலு மூலைக்கும் நாலு வெற்றிலைப் பாக்கு வைத்து, அரைமணி நேரம் வெறித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஏலே, படம் வரையும்போது புத்தி முட்டிக்கிட்டா நாலு வழி இருக்கு. மொதல் வழி, தாளைத் தலைகீழாத் திருப்பு. ரெண்டாவது, எந்திரிச்சுக் கடக்கரைக்குப் போ. மூணாவது, சங்கதி தெரியாதவன்கிட்டக் கேளு."

"நாலாவது?"

"அது மூணும் தோத்தாச் சொல்லுதேன்."

நாலாவது வழி என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

முதல் வழிப்படி அவர் தாளைத் திருப்பினார். தெரு கீழே போய், முடுக்கு மேலே வந்தது. மாமாவுக்கும் வாப்பாவுக்கும் அதைப் பார்க்க ஒரே அசௌகரியம். இருவரும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். அந்த நேரத்தில்தான் சின்ன ராத்தா தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்தாள். தட்டை வைக்கக் குனிந்தவள், எதிர்ப்பக்கத்திலிருந்து தாளைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"மாமா, இப்பத்தான் நம்ம வூடு மாதிரி இருக்கு."

"ஏன், முன்னால எவன் வூடு மாதிரி இருந்திச்சு?"

"முன்னால ஆம்பளையோ வூடு" என்றாள். உள்ளே பெரிய ராத்தா சிரிப்பது கேட்டது. சின்னவளுக்குத் தைரியம் வந்துவிட்டது. முடுக்குப் பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "இந்தப் பக்கத்த வெட்டாண்டாம் மாமா. கிணறு, அடுப்பு, முத்தம் எல்லாம் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாவே கெடக்கட்டும். தெருப் பக்கத்த மட்டும் ரெண்டாப் பிரிங்க. மாப்பிள்ளைமாருதானே ஒருத்தர ஒருத்தர் தெரியாதவங்க? எங்களுக்கு என்ன?"

வாப்பா சிரித்துவிட்டார்கள். "தனி அடுப்புன்னு கேட்டவங்கள்ட்ட ஒரே அடுப்புன்னு சொல்லவா? வூடு கேட்டா மடம் கட்டிக் குடுத்தான்னு சொல்லுவாங்க."

"ஏளா, தேயிலைய வச்சிட்டு உள்ள போ" என்றார்கள் உம்மா. வைத்துவிட்டுப் போனாள். மாமா தாளை நேராகத் திருப்பிக்கொண்டார். முதல் வழி தோற்றது என்று நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் இரண்டாவது வழி. கடற்கரைக்கு மாமா என்னையும் கூட்டிப் போனார். அங்கே போய் எதையும் யோசிக்கக் கூடாது என்பது விதி. யோசிக்காமல் இருப்பதற்கு மாமா பட்ட பாடு கொஞ்சமல்ல. மணலில் உட்கார்ந்தார், எழுந்தார், குச்சியால் ஒரு நீளச் சதுரம் கீறினார், காலால் அழித்தார். நான் கரையேறிக் கிடந்த வள்ளங்களை எண்ணிக்கொண்டிருந்தேன், பத்தொன்பது. இருபதாவது வள்ளத்தின் அடியில் ஒருவர் கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தார். மாமா அவரிடம் போய், இரண்டாவது வழியோடு மூன்றாவதையும் சேர்த்துச் செலவழித்துவிட்டார். மனையின் நீள அகலம், சம்பந்தி வீட்டார் சொன்ன சொல், எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுக்கொண்ட அந்த மனிதர் பல்லிலிருந்த நூலைத் துப்பினார்.

"மொதலாளி, நாங்க ஏழு பேரு இந்த வள்ளத்துல போறோம். ஏறுததுக்கு ஒரே எடந்தான். எவனும் தனி வாசல் கேக்கல."

"சண்டை வராதா?"

"வரும். வந்தா ஒருத்தனக் கடல்ல எறக்கி விட்டிருவோம். ஒங்க வூட்டுல அந்த வசதி இல்லையே."

மாமாவுக்கு அது யோசனையாகத் தெரியவில்லை. இருவரும் வாயில் உப்புக் காற்றோடு திரும்பினோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருவில் ஒரு கல்யாணம். அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். எத்தனை பேருக்கு ஆக்கலாம் என்றுகூட விதி இருந்தது. ஆனாலும் பந்தலில் நான் எண்ணியவரையில் எழுபத்தாறு சஹன் போட்டிருந்தார்கள். சஹன் என்பது பெரிய தாலம். அதில் குவித்த நெய்ச்சோற்றைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். எனக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு பருத்த மனிதர் அமைந்தார். களறிக்கறி வாசனையில் மாமாகூட வீட்டை மறந்திருந்தார். நான் மறக்கவில்லை. சோற்றில் கையை வைத்தபடியே ஒரு கணக்குப் போட்டேன். இரண்டு மச்சான்மாரும் கொழும்பில் கடை வைத்திருப்பவர்கள். வருஷத்தில் இரண்டு மாதம் ஊரில் இருந்தால் அதிகம். இரண்டு பேரும் மாறி மாறி வந்தாலும் வருஷத்தில் எட்டு மாதம் முன்கூடம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற இடத்துக்கு இரண்டு எதற்கு?

"மாமா, சஹன் ஒண்ணுதானே? சாப்பிடுதது மூணு பேரு."

"சாப்பிடுத நேரத்துல என்னலே கணக்கு?"

"ஆம்பளைக் கூடம் ஒண்ணு போதாதா? தெருவுல மட்டும் ரெண்டு வாசல் வச்சிரலாம்."

மாமாவின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. பருத்த மனிதரின் கை நிற்கவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கை மூன்று முறை எல்லை தாண்டி என் பக்கத்துக் கறியை அள்ளிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். எண்ணினேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை.

"மூணாவது வழி!" என்று மாமா கத்தினார். "சங்கதி தெரியாதவன்கிட்டக் கேளுன்னு சொன்னேன்ல? பக்கத்துலயே உக்காந்திருக்கான்!"

பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டோம். கறி முழுவதும் யாருக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் படம் முடிந்தது. அதை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுக் காட்டுவேன். தெருவில் இரண்டு வாசல். இரண்டும் திறப்பது ஒரே ஆண்கள் கூடத்துக்குள். இரண்டாவது கூடம் வேண்டாம் என்றதும் பதினாறு அடி மிச்சம். அதற்குப் பின்னால் குறுக்கே ஒரு வெட்டு: முன்வீடு சின்ன ராத்தாவுக்கு, பின்வீடு பெரிய ராத்தாவுக்கு. பின்வீட்டு மாப்பிள்ளை கூடத்திலிருந்து தம் வீட்டுக்குப் போக வடக்குச் சுவர் ஓரமாக மூன்றரை அடி நடை. முன்வீட்டுப் பெண்கள் முடுக்குக்குப் போகத் தெற்குச் சுவர் ஓரமாக மூன்றரை அடி நடை. யாரும் யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. கொல்லையில் இருந்த ஒரே கிணறு மட்டும் இடித்தது. மாமா அப்போதிருந்த உற்சாகத்தில் அதையும் ஒரு கோட்டால் தீர்த்துவிட்டார்: தெற்கு நடையின் சுவரைக் கிணற்று வாயின் மேலேயே கொண்டுபோய் விடுவது. பாதிக் கிணறு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ஆளுக்கு ஒரு உருளை, ஒரு கயிறு.

வாப்பா படத்தைப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவினார்கள். "இவனக் கொழும்புக்குக் கூட்டிப் போனா எனக்கு ஒரு கணக்கப்பிள்ளை மிச்சம்." அதைவிடப் பெரிய பாராட்டு அந்த வீட்டில் அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை, அதற்குப் பின்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

ராத்தாமார் இருவரும் நிலைப்படியில் ஒரே தலையணை உறைக்கு ஆளுக்கு ஒரு பக்கமாகப் பூவேலை செய்துகொண்டிருந்தார்கள். சின்னவள் ஊசியை விட்டுவிட்டு வந்து தாளைப் பார்த்தாள். இம்முறை நேராக வைத்த தாள்.

"இதுல நாங்க ரெண்டு பேரும் எங்கன பாத்துக்கிடுவோம், மாமா?"

"நடைல நடந்து, முடுக்குல எறங்கி, அவ வாசல்ல ஏறு. நாப்பது எட்டு வச்சாப் போதும்" என்றேன் நான், மாமாவை முந்திக்கொண்டு.

அவள் போய் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

வேலை மறுவாரமே தொடங்கியது. கொத்தனார் கிணற்று வாயின் குறுக்கே ஒரு கருங்கல் சட்டம் போட்டு, அதன்மேல் சுவரை எழுப்பினார். ஆள் உயரத்துக்கு வந்த அன்று பெரிய ராத்தா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டாள். பெரியவள் அதிகம் பேசாதவள்.

"கொத்தனாரக் கேட்டுட்டு வா. அந்தச் சொவரு தண்ணிக்குள்ளயும் போகுமா?"

ஓடிப்போய்க் கேட்டேன். "கல்லுக்கு மேலதான் தம்பி சொவரு. கீழ தண்ணி பொதுவாத்தான் கெடக்கும்" என்றார் அவர். ஓடிவந்து சொன்னேன்.

"அது போதும்" என்றாள்.

எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை. பெண்களுக்குக் கட்டட விஷயம் தெரியாது, சும்மா கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெருநாள் கழித்து இரண்டு நிக்காஹும் சொன்னபடி நடந்தன. சம்பந்தி வீட்டார் வாசலை எண்ணினார்கள், இரண்டு. அடுப்பை எண்ணினார்கள், இரண்டு. திருப்தியாகப் போனார்கள். மாமா தூத்துக்குடிக்குத் திரும்பி, உப்புக் கிட்டங்கிக் கதையோடு இந்தக் கதையையும் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்ட கதையில் நான் இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்காக அப்போது மூன்று நாள் அழுதிருக்கிறேன்.

ஒன்றரை வருஷம் எல்லாம் சரியாகவே நடந்தது. மச்சான்மார் மாறி மாறித்தான் வந்தார்கள். இரண்டாம் வருஷம், என் கணக்கில் இல்லாதபடி, இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வந்துவிட்டார்கள். பெரிய மச்சானோடு கொழும்பிலிருந்து நாலு சிநேகிதர்கள் வந்து கூடத்தில் பாய் விரித்துக் கிடந்தார்கள். அதே நாளில் சின்ன மச்சானின் வாப்பா மகனைப் பார்க்க வந்தார். கூடத்தில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் கொழும்புச் சிநேகிதர் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். வந்த பெரியவர் வாசற்படியில் நின்றார், நின்றார், திரும்பிப் போய்விட்டார்.

"எங்க வாப்பா என் வாசல்ல வந்து நிண்ணுட்டுப் போறாங்க. ஒங்க ஆளு கொறட்ட உடுதான்!" என்றார் சின்ன மச்சான்.

"கூடம் ஒண்ணுதானே? நானா கட்டினேன்? கட்டினவங்களப் போய்க் கேளு."

கட்டினவர்கள் என்று சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம். அது பிரமையாகவும் இருக்கலாம். பத்து நாளைக்குள் கூடத்தின் நடுவே பலகை அடித்தார்கள். சஹன் உடைந்தது. ஆளுக்குப் பத்தடிக் கூடம். சின்ன ராத்தா பிரிக்கச் சொன்ன அதே தெருப் பக்கத்தில், அதே பிரிப்பு. அவள் சொன்ன மற்றதுதான் வரவில்லை. அங்கே ஏற்கெனவே சுவர் இருந்தது.

கொழும்புக்குக் கப்பலேறுமுன் மச்சான்மார் இருவரும் அவரவர் மனைவியிடம் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "அவ மொகத்துல நீ முழிக்கப்படாது." வாப்பா இருவரையும் சமாதானப்படுத்திப் பார்த்தார்கள், முடியவில்லை. ராத்தாமார் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்கள். முடுக்கில் ஒருத்தி வருவது தெரிந்தால் மற்றவள் உள்ளே போய்விடுவாள். உம்மா இரண்டு வீட்டுக்கும் போய்வருவார்கள். ஒருத்தியைப் பற்றி மற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அவர்கள் சொல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உம்மா எதையும் சொல்லாமல் வைத்துக்கொள்கிறவர்கள் அல்ல.

நான் வாப்பா உம்மாவோடு பெரிய ராத்தாவின் பின்வீட்டில் இருந்தேன். முற்றத்தில்தான் படுக்கை. விடியுமுன் சுபுஹு தொழுகைக்கு எழுந்திருக்கும் நேரத்தில் பெரிய ராத்தா தண்ணீர் இறைப்பாள். பழக்க தோஷத்தில் நான் எண்ணுவேன். வாளி பன்னிரண்டு முறை இறங்கும். பானையைப் போய்ப் பார்த்தால், ஒரே பானைதான் நிறைந்திருக்கும். அது நாலு வாளிப் பானை. மீதி எட்டு வாளித் தண்ணீர் எங்கே? சுவருக்கு அந்தப் பக்கத்து உருளையும் அதே நேரத்தில்தான் கிறீச்சிடும். அங்கேயும் ஏறக்குறைய அதே கணக்கு. அந்தப் பானையை மட்டும் நான் பார்த்ததில்லை.

வாளி ஒழுகுகிறது என்று முடிவு கட்டினேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஓட்டை தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைதான் அதிகம் ஒழுகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வருஷத்துப் பெருநாள் காசு முழுவதையும் சேர்த்து வைத்து, கடைத்தெருவில் ஒரு ரூபாய் பதினாலு அணாவுக்குப் புதுத் தகர வாளி ஒன்று வாங்கிவந்து ராத்தாவிடம் கொடுத்தேன்.

"எதுக்குலே?"

"பழசு ஒழுகுது. பன்னெண்டு வாளி எறைக்கிய. ஒரு பானதான் நெறையுது."

பெரிய ராத்தா என்னைப் பார்த்தாள். முதலில் முகம் வெளுத்தது, அப்புறம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், புகை என்றாள். அடுப்பு அப்போது மூட்டியிருக்கவில்லை.

"வேற யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. நல்ல வாளி வாப்பா இது. நல்ல வாளி."

மறுநாள் புது வாளியால் இறைத்தாள். காது கொடுத்து எண்ணினேன். பதினாலு முறை இறங்கியது. பானை ஒன்றுதான் நிறைந்தது. இனி இதற்குப் பெருநாள் காசு செலவழிப்பதில்லை என்று தீர்மானித்து, எண்ணுவதையே விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் விடை வராமல் நான் பாதியில் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

பிறகு நானும் கொழும்புக்குப் போய்க் கணக்கு எழுதினேன். அங்கே முப்பத்திரண்டு பேரேடுகளை ஒரு பைசா பிசகாமல் முடித்துவிட்டு, 1974இல் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினேன். வாப்பா, உம்மா இருவரும் மௌத்தாகிவிட்டிருந்தார்கள். பெரிய மச்சானும் இல்லை. ராத்தாமார் இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதே அரைக் கிணற்றில் ஆளுக்கொரு பக்கமாக இறைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் என் செலவில் அடிபம்பு வைத்து, பேரப்பிள்ளைகள் விழுந்துவிடாமல் கிணற்றைச் சுவரின் இரண்டு பக்கமும் சிமெண்டுப் பலகையால் மூடிவிடுவதென்று முடிவு செய்தேன். படமும் நானே வரைந்தேன். இந்த முறை புத்தி எங்கும் முட்டவில்லை. தாளைத் திருப்பிப் பார்க்கும் தேவையே ஏற்படவில்லை.

பலகை வார்க்கிற அன்று பெரிய ராத்தா வந்து நின்றாள்.

"முழுசா மூடாண்டாம். கை போற அளவுக்கு ஒரு ஓட்டை உடச் சொல்லு."

"எதுக்கு ராத்தா?"

"கிணத்துக்குக் காத்து வேணும்லா."

கொசு வரும் என்றேன். பிள்ளைகள் கல்லைப் போடும் என்றேன். அந்தப் பக்கத்து நடையில் வேலை முடித்து வந்த கொத்தனார், "சாயிபு, அந்தப் பக்கத்து அம்மாவும் கதவுக்குப் பின்னால நிண்ணு ஓட்டை கேக்காங்க" என்றார்.

"இருபத்தாறு வருஷமாப் பேச்சு கெடையாது. ஓட்டையில மட்டும் ஒத்துமையப் பாரும்" என்று நான் சொல்ல, இருவரும் சிரித்தோம். அவர் ஓர் இடத்தில் விட்டு வைத்திருந்த சின்ன இடுக்கைக்கூடச் சுட்டிக்காட்டி, மறுபடி பூசச் சொன்னேன்.

பெரிய ராத்தா அதன்பிறகு மூன்று வருஷம் இருந்தாள். அவளைச் சுமந்த சந்தூக்கு தெருவில் போனபோது சின்ன ராத்தா தன் பாதிக் கூடத்துச் சன்னலில் நின்றிருந்தாள். நாற்பது நாள் கழித்து நான் அவளைப் பார்க்கப் போனேன். உட்காரச் சொன்னாள். அவளே பம்பை அடித்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கோபம் சிறிதும் இல்லாமல், விலை விசாரிக்கிற குரலில் சொன்னாள்:

"மச்சான்மாரு சொன்னப்ப எங்க பேச்சு நிக்கல தம்பி. மொகத்துல முழிக்கப்படாதுன்னுதானே சொன்னாங்க? முழிக்கல. கிணத்துக்குள்ள கொரலு நல்லாக் கேக்கும். நீ மூடி போட்டப்பத்தான் நின்னு போச்சு."

செம்பை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வாளி, ஒரு பானை. எட்டு வாளியும் வெறுமனே இறங்கி ஏறியிருக்கின்றன, பேச்சுக்குப் பதில் கயிற்றுச் சத்தம் வெளியே கேட்பதற்காக. புது வாளி வந்த மறுநாள் இரண்டு வாளி அதிகம். என்னைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்து பழைய சிட்டையை எடுத்துப் பார்த்தேன். கம்பியும் சிமெண்டும் நூற்று எழுபத்திரண்டு. அடிபம்பு இரண்டு, முந்நூற்று எண்பது. கூலி எண்பத்திரண்டு. இடுக்கு இல்லாமல் மறுபடி பூசியதற்கு நாலு. ஆக மொத்தம் அறுநூற்று முப்பத்தெட்டு ரூபாய்.